சமையற்கட்டுச் சுவர் மீது நிறைவேறிய தீர்மானம்

சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு மனிதகுலம் எடுத்து வைத்த அடுத்த பெரிய அடி, 1986-ஆம் ஆண்டு பாப்பிரெட்டிப்பட்டியில், மரவேலைக்காரர் காசிம் வீட்டுப் பின்கட்டில் ‘டிரம் சாண்டர்’ நிறுவப்பட்டதுதான். நிறுவியது எங்கள் ‘கைத்தொழில் நவீனமாக்கல் மன்றம்’. அதன் செயலாளர் நான். ஆகவே இது முற்றிலும் நடுநிலையான கருத்து.

அந்த இயந்திரத்தின் அழகைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கை நீளத்துக்கு ஓர் உருளை. புண்ணுக்குக் கட்டுப் போடுவது போல அதன் மேல் உப்புத்தாளைச் சாய்வாகச் சுற்றியிருக்கும். மோட்டார் உருளையைச் சுழற்றும். கீழே ஒரு மேடை. திருகத் திருக மயிரிழை மயிரிழையாக உயரும். இரண்டுக்கும் நடுவில் பலகையைத் தள்ளினால், உருளை அதை நம் பக்கமே திருப்பித் தள்ளப் பார்க்கும். நாம் விடாமல் உள்ளே தள்ள வேண்டும். அந்தச் சண்டையில்தான் பலகை வழவழப்பாகிறது.

இரண்டு மாதம் பெஞ்சுப் பலகைகள் கண்ணாடி போல வந்தன. ஒரு வியாழக்கிழமை காலை, பலகையைக் காசிமின் கையிலிருந்து உருளை பிடுங்கி எதிர்ச்சுவரில் எறிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சமையற்கட்டு. அடுத்த பலகையும் அப்படியே போனது. உப்புத்தாளின் நுனி வேறு கிளம்பிப் படபடத்தது. காரணம் யாருக்கும் புரியவில்லை.

மன்றம் அவசரமாகக் கூடியது. தலைவர் நஞ்சப்பன் மூன்று கிணறுகளுக்குச் சொந்தக்காரர். எதையும் கையால் தொடாமலே நிர்வகிக்கும் ஆற்றல் படைத்தவர்.

“என்ன மரம், காசிம்?”

“மாமரங்க.”

“அதான். மாமரத்துக்கு இந்தக் குணம் உண்டு. பிச்சுக்கிட்டுப் போவும்.”

“போன வாரமும் இதே மரந்தானுங்களே?”

“போன வாரம் அதுக்கு உடம்பு சரியில்லாம இருந்திருக்கும்.”

குறித்துக்கொண்டேன். மூன்று அமர்வுகள் ஆராய்ந்து, அறிவியல்பூர்வமான முடிவுக்கு வந்தோம். பலகை பறப்பது கோளாறு அல்ல, ‘உற்பத்தி வேகம்’. அதற்கு இடையூறாக நிற்பது சுவர்.

காசிமின் மனைவி ஜான் பீ டீ கொண்டு வந்தார்.

“சுவத்தை இடிக்கப் போறீங்களா?”

“இடிக்கறதில்லம்மா, அப்புறப்படுத்தறது” என்றார் தலைவர்.

“அப்ப நான் எங்க சோறாக்கறது?”

“அதே எடத்துலதான். வூடு நல்லாக் காத்தாட இருக்குமில்ல?”

ஜான் பீ கணவரைப் பார்த்தார். “ஏங்க, வாயைத் தொறந்து ஏதாச்சும் சொல்லுங்க.”

“தீர்மானம் போட்டுட்டாங்களே” என்றார் காசிம்.

ஜான் பீ டீயோடு திரும்பிப் போய்விட்டார். ‘ஒருமனதாக’ என்று எழுதினேன்.

சனிக்கிழமை சுவர் விழுந்தது. ஞாயிறு காலை தலைவர் சுவிட்சைப் போட்டார். காசிம் பலகையைக் கொடுத்தார். அது சமையற்கட்டைக் கடந்து, குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, பின்வாசல் வழியாக வெளியேறியது. நாங்கள் கைதட்டினோம்.

சற்று நேரத்தில் பலகை திரும்பி வந்தது. பின்னால் இருக்கும் தோட்டத்துக்காரர் பெரியம்மாள் அதைத் தூக்கி வந்தார்.

“யாருங்க அது, எங் கத்திரிச் செடி மேல பலகையை வுடறது?”

காசிம் விஷயத்தைச் சொன்னார்.

“எப்ப இருந்து?”

“வியாழக்கெழமையில இருந்துங்க.”

“கிளை வுழுந்து அறுந்த கரண்டு லைனைக் கட்டுனாங்களே, அதுக்கப்புறமா?”

“ஆமாங்க.”

“எம் மோட்டாரும் அன்னிக்குத் திரும்பிச் சுத்துச்சு, தண்ணி தூக்கல. வயரு எடம் மாறிப் போச்சுன்னா அப்படித்தான். எந்தத் தோட்டத்துல கேட்டாலும் சொல்லுவாங்களே!” அவர் தலைவரிடம் திரும்பினார். “உங்க மூணு கெணத்துலயும் அன்னிக்கே உங்க ஆளு வயரை மாத்திட்டானே, தெரியாதுங்களா?”

தலைவருக்குத் திடீரென்று கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

வயரை மாற்றிக் கட்டுவது ஐந்து நிமிட வேலை. உருளை மறுபடியும் காசிமின் கையோடு சண்டை போட்டது. பலகை வழவழவென்று வந்தது.

இடித்த செங்கல் குவியல் மேல் உட்கார்ந்து ஜான் பீ சொல்லச் சொல்ல, மன்றத்தின் இறுதி அறிக்கையை எழுதினேன்:

“மெஷின் பலகையைப் பிடுங்கி எறிந்தால், மோட்டார் திரும்பிச் சுற்றுகிறது என்று பொருள். மெயினை அணைத்துவிட்டு, மோட்டாருக்கு வரும் மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை இடம் மாற்றிக் கட்டினால் சரியாகிவிடும். தெரியாவிட்டால் பக்கத்துத் தோட்டத்தில் கேட்கவும். மன்றத்தைக் கூப்பிட்டால் சுவர் போய்விடும்.”