பொட்டுக்கு அடியில் ஒரு ரிவிஷன்

இளம்பிள்ளை,
ஆனி மாதத்து மத்தியானம்.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை தீனதயாளன் அவர்களுக்கு, மாமனார் மதியழகன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தை அங்கம்மாளும் சௌக்கியம். பெங்களூரில் நீங்களும், ஏழாம் மாதம் நடக்கிற எங்கள் சரிதாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். தறிகளும் சௌக்கியம். டிசைன் கம்ப்யூட்டர் மட்டும் சௌக்கியமில்லை என்பது தாங்கள் அறிந்ததே.

போனில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுகிறேனே என்று நினைக்க வேண்டாம். நீங்கள் டிரைவர், ஃபர்ம்வேர் என்று ஆரம்பித்தால் குரல் இதமாக இருக்கிறதா, எனக்குக் கண் சொக்கிவிடுகிறது. போன ஞாயிறு "ஆமாங்க, ஆமாங்க" என்றேனே, அது தூக்கத்தில் சொன்னது. எனக்குப் புரிந்தவரை விஷயம் இதுதான். பெட்டிக்குள் இருக்கும் நாலு டிஸ்க்கையும் கட்டி மேய்த்த கார்டு செத்துவிட்டது. அதே கம்பெனியில், அதே பெயரில் நீங்கள் புதுசு அனுப்பினீர்கள். அது ரிவிஷன் சி என்கிற ரகம். பழையதும் சி என்றால் அப்படியே மாட்டிவிடலாம். ஏ, பி என்று வேறு ஏதாவது இருந்து, ஃபர்ம்வேரையும் டிரைவரையும் மாற்றாமல் மாட்டினால், டிஸ்க்கெல்லாம் காலி என்று முடிவுகட்டி அது அழித்துவிடும். உங்கள் கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்த ஜோசியர்கூட எங்களை இவ்வளவு படுத்தவில்லை.

மற்ற டிசைன் போனால் போகட்டும், மாப்பிள்ளை. சரிதாவின் வளைகாப்புச் சேலை அதற்குள்தான் இருக்கிறது. உடல் முழுக்கக் கஞ்சமலை மேல் மேகம் இறங்குகிற நிறம், கரையில் மழையில் நனைந்த மரவள்ளி இலை. சாப்பிட்டுவிட்டுப் பாதித் தூக்கத்தில் உட்கார்ந்து வரைந்தது. எப்படி வரைந்தேன் என்று எனக்கே தெரியாது. போனால் மறுபடி வராது. அதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பழைய கார்டைப் படம் எடுத்து அனுப்பினேன், பொட்டுதான் தெரிகிறது என்றீர்கள். ஆயுத பூஜைக்கு உங்கள் அத்தை தறிக்கும் ஸ்கூட்டருக்கும் வைப்பதுபோல் கம்ப்யூட்டருக்கும் வைத்தாள். வெளியே வைத்தால் வெளியே மட்டும்தானே காக்கும் என்று மூடியைக் கழற்றி உள்ளேயும் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறாள். ஸ்டிக்கரில் ரிவிஷன் எழுத்து இருக்கும் இடம்தான் அவளுக்கு வாகாக இருந்திருக்கிறது.

இன்றைக்குத் துணிந்து கார்டைக் கழற்றி மேசையில் வைத்தேன். தறிச் சத்தத்தில் கண் அசந்துவிட்டது. கனவில் அந்த மேகச் சேலையைக் கட்டிக்கொண்டு சரிதா மரவள்ளிக் காட்டு வரப்பில் மெதுவாக நடந்து வருகிறாள், கையெல்லாம் வளையல், ஆனால் சத்தமே இல்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். விழித்தபோது மேசையில் பொட்டோடு கார்டு இருந்தது. பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். சி! ரிவிஷன் சி, மாப்பிள்ளை! பொருத்தம் அமோகம். இந்தக் கடிதத்தைக் கூரியரில் போட்டுவிட்டு வந்து நானே புதுசை மாட்டப்போகிறேன். கவலையை விடுங்கள்.

வீடு நிறைய பிள்ளைச் சத்தம் கேட்க, நீங்கள் இருவரும் நீடூழி வாழ ஆசீர்வாதம்.

அன்புள்ள மாமா,
மதியழகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அங்கம்மாள் வந்தாள். "ஏனுங்க, மாப்பிள்ளை அனுப்புன கார்டை எதுக்குத் தொடச்சீங்க? நீங்க தூங்குறப்பத்தானே புதுசுக்குப் பொட்டு வெச்சு மேசைல வெச்சேன். பழசை எடுத்துச் சாமி ரூம்ல வெச்சுட்டேனுங்க" என்றாள். ஆக, நீங்கள் அனுப்பிய கார்டு நீங்கள் அனுப்பிய கார்டுதான் என்பதைக் கண்டுபிடித்து உங்களுக்கே எழுதியிருக்கிறேன். பழையதைத் துடைக்கப் பஞ்சை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள். "தொடைக்காதீங்க. எழுத்துத் தெரிஞ்சா மாப்பிள்ளை போன்லயே சொல்லிக் குடுத்துருவாரு. தெரியலைன்னாத்தான் புள்ளயக் கூட்டிக்கிட்டு நம்மூட்டுக்கு வரோணும்" என்றாள். பொங்கலுக்குப் பார்த்தது சரிதாவை. பஞ்சைக் கீழே வைத்துவிட்டேன்.

எழுத்து தெரியவில்லை, மாப்பிள்ளை.