பேசும் முள்ளம்பன்றி

மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்கு வடை கொடுக்கலாம், டீ கொடுக்கலாம், கேட்டால் சாதகத்தைக்கூடக் கொடுக்கலாம். லேப்டாப்பை மட்டும் கொடுக்கக் கூடாது. இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். என் திறமையில் எனக்கு அப்போது அவ்வளவு நம்பிக்கை.

நான் போனில் விளையாடும் கேம்களை வடிவமைக்கிறவன். கண்டி டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். (அம்மா அக்கம்பக்கத்தில் "மகன் கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்று சொல்லி வைத்திருந்தார். மேற்கொண்டு யாராவது விசாரித்தால், அடுப்பில் ஏதோ கருகுவதாகச் சொல்லி உள்ளே போய்விடுவார்.) அந்தச் சமயம் நான் செய்துகொண்டிருந்த கேமின் கதாநாயகன் ஒரு முள்ளம்பன்றி. பெயர் குத்துமணி. தொழில், பலூன் வியாபாரம். ஹந்தானை மலையுச்சியில் ஒரு யானைக்குட்டிக்குப் பிறந்தநாள். தன் முள்ளே பட்டு வெடிக்காமல் பலூன்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வழியில் சந்திக்கும் பிராணிகளோடு பேசினால் அவை வழி சொல்லும், கூடவே ஆளுக்கொரு பலூனும் தரும். இப்படியொரு யோசனை உலகத்தில் வேறு யாருக்கும் வந்திருக்காது என்று நினைத்து, கண்ணாடி முன்னால் நின்று நானே என்னைப் பாராட்டிக்கொண்டதும் உண்டு.

நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட தர்ஷினி யாழ்ப்பாணத்துப் பெண். பேராதனையில் படிக்க வந்து, கண்டியிலேயே வேலை கிடைத்துத் தங்கிவிட்டவள். எங்கள் மலையகத் தமிழ் அவள் காதுக்கு நன்றாகப் பழகிவிட்டது. அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற தபாலதிபர், வாயிலிருந்து ஒரு சொல் வருவதற்கு முன் அதற்கு முத்திரை குத்திப் பார்க்கிறவர். அவர் சரியென்றால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. அப்பாவை மீறி வர மாட்டேன் என்று தர்ஷினி முதலிலேயே சொல்லிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெற்றோரைக் கூட்டிக்கொண்டு குண்டசாலையில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் அம்மாவோடு குசினிக்குள் போய் வடை தட்டத் தொடங்கினாள். எண்ணெய்ச் சத்தத்தில் வெளியே நடந்தது எதுவும் அவள் காதில் விழவில்லை. என் கெட்ட நேரம் அங்கே ஆரம்பித்தது.

முன் ஹோலில் தர்ஷினியின் அப்பா கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. எதிரே நானும் அப்பாவும்.

"தம்பி, கேம் செய்யிறதெண்டா என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

எந்த மடையனும் வாயால் பதில் சொல்லியிருப்பான். நான் லேப்டாப்பை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பேசுவது என்றால் சும்மா வாய் திறந்து பேசுவதுதான். யாழ்ப்பாணத்தில் அதற்குக் கதைப்பது என்று பெயர். அங்கே வீட்டில் ஒருவர் பேசினார் என்றால் ஏசினார், திட்டினார் என்று அர்த்தம். எனக்கு இது தெரியாதா என்றால், தெரியும். மூன்று வகைத் தமிழும் சிங்களமும் காதில் விழுந்து வளர்ந்தவன் நான். தெரிந்த விஷயம் தேவையான நேரத்தில் மண்டையில் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, கேமின் முதல் பக்கத்தில் நான் எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்தார். "வழியில் யாரைக் கண்டாலும் தயங்காமல் பேசு. பெரியவர்களைக் கண்டால் நீயே முதலில் பேசு. பேசப் பேசப் பலூன் சேரும்."

வாசித்துவிட்டு மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தார்.

புத்தகத்தில், பேப்பரில் வருகிற 'பேசினார்' அவருக்கு விளங்காமல் இல்லை. என் கேமிலும் சரியாகத்தான் விளங்கியிருக்கும். ஆனால் குத்துமணி விடவில்லை. முதல் திருப்பத்தில் கைத்தடியோடு ஒரு கிழட்டு ஆமை வரும். அவர் 'பேசு' என்ற பொத்தானை அமுக்கினார். குத்துமணி நெஞ்சை நிமிர்த்தி, உடம்பு முள்ளையெல்லாம் ஒரேயடியாக விரித்து, "குர்ர்ர்" என்றது. (முள் விரிவதை வரைய நான் ராப்பகலாகப் பாடுபட்டிருந்தேன். குரலும் என்னுடையதுதான். வேறு ஆள் பிடிக்க முதலாளி சம்மதிக்கவில்லை.) ஆமை தலையைக் குனிந்து, ஒரு பலூனை நீட்டிவிட்டு ஒதுங்கிப் போனது.

"பாவம்," என்றார் அவர் மனைவி.

அடுத்து ஆந்தை மாமி. அதே குர்ர், அதே பலூன். அதற்கடுத்து கர்ப்பிணி முயல். அவர் பொத்தானில் விரலை வைத்தபடி நெடுநேரம் யோசித்து, அமுக்காமலே லேப்டாப்பை மூடிவிட்டார். சிந்தனைக்குரிய படைப்பு என்று நான் பூரித்துப்போனேன்.

"உங்கட வீட்டிலயும் இப்பிடித்தான் பேசுவியளோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எங்க வீட்டுல எழும்பின நேரத்துல இருந்து பேச்சுதான் அங்கிள். சாப்பிடும்போதும் பேசுவோம்."

"அப்பாவுமோ?"

"அவருதான் கூடுதலா பேசுவாரு. பேசலைன்னா அவருக்குத் தூக்கமே வராது."

அப்பா வெட்கத்தோடு சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்கள் வழக்கை இன்னும் கெடுத்தது.

"பிள்ளையையும் பேசுவீரோ தம்பி?"

தர்ஷினியோடு பழகுவதை ஒளிக்காமல் சொன்னால் நேர்மையான பையன் என்று நினைப்பார் என்பது என் கணக்கு. "தினமும் போன்ல பேசுறதுதானே அங்கிள். எவ்வளவு பேசினாலும் எனக்குப் போதாது. கல்யாணம் முடிஞ்சா நேர்லயே பேசலாம்."

அவர் மனைவி எழுந்தே நின்றுவிட்டார். வடை வந்து சேர்ந்தபோது, "நாங்கள் வெளிக்கிடுறம்" என்று தர்ஷினியின் அப்பா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். தர்ஷினி கையில் வடைத் தட்டோடு என்னைப் பார்த்தாள். நான் பெருமையாகத் தலையாட்டினேன்.

அன்று மாலை அவள் போனில் அழுதாள். "அப்பா வேண்டாமெண்டு சொல்லிட்டார். என்னைத் தினமும் போனில பேசுறீங்களாம். நீங்களே வாயால ஒத்துக்கொண்டீங்களாம்."

"ஆமா, பேசுறதுதானே," என்றேன்.

மறுமுனையில் அழுகை நின்றது. பிறகு அவள் சிரிக்கத் தொடங்கி, சிரிப்புக்கு நடுவே விளக்கினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் எடுத்துச் சொல்லியும் அவர் நம்பவில்லையாம். பொடியனைக் காப்பாற்றப் பார்க்கிறாய் என்று சொல்லிவிட்டாராம். காலை பஸ்ஸில் ஊருக்குத் திரும்புகிறார்கள்.

விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அவர்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நான் வெளியே நின்று ஜன்னல் வழியாக, "அங்கிள், நான் சொன்னது கதைக்கிறத. நாங்க கதைக்கிற ஆக்கள், பேசுற ஆக்கள் இல்ல," என்று மூச்சு வாங்கச் சொன்னேன். கொண்டக்டர் என்னைப் பிரயாணி என்று நினைத்து, ஏறு ஏறு என்று சிங்களத்தில் பேசினார். (யாழ்ப்பாண அர்த்தத்தில்.)

தர்ஷினியின் அப்பா என்னை நிதானமாகப் பார்த்தார். "சரி தம்பி. அப்ப அது ஏன் முள்ளை விரிச்சது?"

"சந்தோஷத்துல அங்கிள்."

"முள்ளம்பன்றி சந்தோஷத்தில முள்ளை விரிக்குமோ?"

அலுவலகத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. "எனக்கு வரையத் தெரிஞ்சது அதுதான்," என்றேன். அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. ஜன்னல் வழியாகத் தன் போனை நீட்டி, "உந்தக் கேமை இதில போட்டுத் தாரும், பாப்பம்," என்றார். போட்டுக் கொடுத்தேன், பஸ் கிளம்பிவிட்டது.

பஸ் தம்புள்ளையைத் தாண்டியபோது அவர் மகளுக்குப் போன் எடுத்தாராம். என்னைப் பற்றியோ கல்யாணத்தைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "பிள்ளை, பலூனோட ஆத்தைக் கடக்கிறது எப்பிடி எண்டு தம்பியிட்ட ஒருக்காக் கேள்," என்றாராம். சம்மதம் என்ற சொல்லை அவர் இன்றுவரை சொன்னதில்லை. எங்கள் கல்யாணம் அந்த ஆற்றைக் கடந்துதான் நடந்தது.

கேமில் 'பேசு' என்பதை 'கதை' என்று மாற்றினேன். உடனே எங்கள் பக்கத்துப் பிள்ளைகள், பொத்தானை அமுக்கினால் கதை வரவில்லை என்று முறையிட்டார்கள். கடைசியில் எழுத்தே வேண்டாமென்று ஒரு வாயை வரைந்துவிட்டேன். முள்ளையும் மடக்கிவிட்டேன். இப்போது வீட்டில் என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் தர்ஷினி, "இப்ப கதைக்கிறீங்களோ, பேசுறீங்களோ?" என்று கேட்பாள். நான் உடனே ஆமையாகிவிடுவேன்.

மாமா மட்டும் புதிய கேமை ஏற்க மறுத்துவிட்டார். அவர் போனில் இன்னும் பழைய குத்துமணிதான் முள்ளை விரித்து உறுமுகிறது. பின்னேரம் டீ குடித்ததும் கதிரையில் சாய்ந்து, அந்தக் கிழட்டு ஆமையைப் பேசத் தொடங்கிவிடுவாராம். போன முறை ஊருக்குப் போனபோது மாமி என்னைக் குசினிக்குக் கூப்பிட்டு, தட்டில் இரண்டு வடையைக் கூடுதலாக வைத்தார்.

"அந்தப் பொத்தானை மாத்திப்போடாதேங்கோ தம்பி," என்றார். "இவர் ஆமையைப் பேசத் தொடங்கினாப் பிறகு, என்னைப் பேசுறேல்லை."