மோட்டார் ரூமில் என் புது ஆபீஸ்

"இனிமேல் இந்த வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரு வேலையும் பார்க்க மாட்டேன்!"

கத்தினேன். கத்தாமல் என்ன செய்வது? கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவன் நான். காலையில் மேனேஜரோடு வீடியோ மீட்டிங். நான் கம்பீரமாக வாயைத் திறக்கிறேன். சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல்: "இன்னைக்காவது குளிச்சீங்களா, இல்லையா?"

நான் கேட்காத மாதிரி இருந்தேன். மேனேஜர் விடவில்லை. "வீட்டுல கேக்குறாங்க பாருங்க, பதில் சொல்லுங்க சார்" என்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு லேப்டாப்பைத் தூக்கி எறிந்திருப்பேன். கம்பெனி லேப்டாப் என்பதால் மெதுவாக மூடினேன்.

எங்கள் தோட்டத்தின் கடைக்கோடியில் மோட்டார் ரூம் இருக்கிறது. அறுவடை முடிந்ததால் மோட்டாருக்கு விடுமுறை. ஆள் அரவம் கிடையாது. அதுதான் இனி என் ஆபீஸ் என்று முடிவு செய்தேன். ஒரே ஒரு சிக்கல். வீட்டு வைஃபை பாதித் தோட்டம் வரை நொண்டிக்கொண்டு வந்து அங்கேயே படுத்துவிடும்.

"அங்க வரைக்கும் வயர் இழுக்கப் போறேன்" என்றேன்.

"வேண்டாங்க."

"ஏன் வேண்டாம்?"

"மரத்துக்கு மரம் கட்டினா அணில் கடிச்சுரும். மண்ணுக்கடியிலதான் போடணும். அதுக்குப் பள்ளம் தோண்டணும். உங்களால ஆகாது."

"யாரைப் பாத்து ஆகாதுங்கிறே?"

"உங்களைத்தான். கடப்பாரை எங்க இருக்குன்னாவது தெரியுமா?"

தெரியாது. அதற்காக விட்டுவிட முடியுமா? தேடி எடுத்தேன்.

தோண்டினேன். மண்ணெல்லாம் கல். ஒவ்வொரு கல்லையும் மேனேஜர் என்று நினைத்துக் குத்தினேன். சில கற்களை யார் என்று நினைத்தேன் என்பதை இங்கே எழுத முடியாது. அவளும் இதைப் படிப்பாள்.

நேராகப் போகவாவது விட்டாளா? "அங்க வேர் ஓடுது, இப்படி வளைச்சுப் போங்க" என்றாள். வளைத்தேன். "இன்னும் கொஞ்சம் ஆழமா" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆழமாக்கினேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியோரம் நின்று, "என்ன சார், புதையலா?" என்று கேட்டார். அவரையும் உள்ளே போட்டு மூடலாம் போலிருந்தது. ஒருவழியாக மோட்டார் ரூம் வாசலில் போய் விழுந்தேன்.

மறுநாள் கடைக்குப் போய் வயர் வாங்கி வந்தேன். அதற்குள் பள்ளத்தில் ஒரு குழாய் கிடந்தது. தண்ணீர்க் குழாய். நான் வளைத்த இடமெல்லாம் அவளுடைய காய்கறிப் பாத்திக்கு ஒரு கிளை.

"என்னடி இது?"

"பாத்திக்குத் தண்ணி. வாளியில தூக்கித் தூக்கி என் தோள்பட்டையே கழண்டு போச்சு."

"அப்ப என் வைஃபை?"

மேலே கை காட்டினாள். மொட்டை மாடியில் ஒரு வெள்ளைப் பெட்டி. மோட்டார் ரூம் கூரையில் இன்னொன்று.

"இது ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டா போதுமாம். வயரே தேவையில்லையாம். நெட்காரர் வந்து மாட்டிட்டுப் போயிட்டார்."

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"நீங்க கடப்பாரையைத் தேடிக்கிட்டிருந்தப்பவே."

"சொல்றதுக்கென்ன, வாய் வலிக்குதா?"

"சொன்னா தோண்டியிருப்பீங்களா?"

ரத்தம் தலைக்கேறியது. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று மோட்டார் ரூமுக்குப் போய்க் கதவை அறைந்து சாத்தினேன். கொப்புளம் போனால் போகட்டும், நிம்மதி கிடைத்ததே! சிக்னல் முழுசாக இருந்தது. மேனேஜர் திரையில் வந்தார். நான் கம்பீரமாக வாயைத் திறந்தேன்.

போனில் அவளுடைய மெசேஜ்: "மோட்டார் போடுங்க."

"மீட்டிங்ல இருக்கேன்!" என்று அடித்தேன்.

"பேசுங்க, யார் வேண்டாம்னா? சுவிட்ச் உங்க பக்கத்துலதானே இருக்கு. தட்டிட்டுப் பேசுங்க."

தட்டினேன். தட்டாமல் ராத்திரி சாப்பாட்டுக்கு எந்த வீட்டுக்குப் போவது? மோட்டார் உறுமியது. மேனேஜரின் வாய் அசைந்தது, ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவர் காதைப் பொத்திக்கொண்டு திரையிலிருந்து மறைந்தார்.

அடுத்த மெசேஜ் மட்டும் தங்குதடையில்லாமல் வந்து சேர்ந்தது: "கத்திரிக்குப் போதும், நிறுத்துங்க. வெண்டைக்குத் திருப்பி விட்டுட்டுச் சொல்றேன், எங்கேயும் போயிடாதீங்க."