ஒரே ஒரு பாபின் கேஸ்

“ஒரே ஒரு பாபின் கேஸா?” என்றது போனில் அந்தப் பெண் குரல். “இறக்குமதி வரி ஏறிடுச்சுங்க. மொத்தமா வாங்கிட்டீங்கன்னா வருஷம் பூரா கவலையில்ல.”

மெஷின் டாக்டரின் கவலையே அதுதான்.

தையல் மெஷின் ரிப்பேர் கடைக்காரரான அவருக்கு ஊர் வைத்த பெயர் அது. கல்யாணம் ஆகவில்லை. வெளிநாட்டுக் கம்பெனியின் ஆர்டர் நம்பரைச் சுழற்றினால் நம் பாஷையில் பேசுவது இந்த ஒரு குரல்தான். அதைக் கேட்பதற்காகவே ஊசியைக்கூட ஒவ்வொன்றாக வாங்குவார். மொத்தமாக வாங்கிவிட்டால் வருஷம் பூரா யாரோடு பேசுவது?

“சின்னச் சின்னப் பார்சலா அனுப்புங்க. வரி குறையும்” என்றார்.

குறையவில்லை. புது விதிப்படி ஒவ்வொரு பார்சலுக்கும் தனித்தனிக் கட்டணமாம். நூல் சுற்றிய பாபினைச் செருகும் அந்தச் சின்னக் கேஸின் விலை மெஷின் விலையை எட்டிப் பிடித்தது. ஈடுகட்ட ரிப்பேர் கூலியை ஏற்றினார். இருந்த வாடிக்கையும் கழன்றுகொண்டது.

“தெருக்கோடி கிடங்குல உள்ளூர்ச் சாமான் பாதி விலைக்குக் கிடைக்குதாம்டா” என்றாள் கல்லாவில் இருந்த அக்கா.

“அதுல அந்தச் சத்தம் வராதுக்கா.”

“எந்தச் சத்தம்? மெஷின் சத்தமா?”

டாக்டர் காது சிவக்க ஸ்க்ரூடிரைவரைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

அடுத்த முறை போன் செய்தபோது குரல் கம்மியிருந்தது. “இனிமே இந்தப் பக்கம் சாமான் அனுப்பறதில்லைன்னு முடிவு பண்ணிட்டாங்க. இந்த நம்பரும் நாளையோட சரி.”

சொல்ல நினைத்தது எவ்வளவோ. “அங்க… குளிர் ரொம்பவா?” என்று மட்டும்தான் கேட்க முடிந்தது.

“அங்க எப்படியோ இங்கயும் அப்படித்தாங்க. உடம்பைப் பாத்துக்கங்க.”

இருவரும் போனை வைக்கவில்லை. ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் லைன் தானாக அறுந்தது.

அன்று முழுக்க அவர் துணியே இல்லாமல் ஒரு மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். ஊசி காற்றைத் தைத்தது.

“கப்பலே கவுந்தாலும் கன்னத்துல கை வைக்கக் கூடாதுடா” என்றாள் அக்கா.

“கவுந்திருந்தாக்கூடப் பரவாயில்லைக்கா. இனிமே கப்பலே வராது.”

மறுநாள் அக்கா அவர் கையில் பையைத் திணித்து வெளியே தள்ளினாள். இத்தனை வருஷமாக எட்டிக்கூடப் பார்க்காத கிடங்குக்கு நடந்தார். உள்ளூர் பாபின் கேஸ் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். ஏதோ துரோகம் செய்வதுபோல் இருந்தது. வாங்காமலே திரும்பினார்.

வாசலில், மாடிப்படி அடியில் ஒரு மேசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காவலாளி அவரை மறித்தார்.

“சும்மாதானே போறீங்க, ஒரு கை குடுங்க சார். வரி ஏறினதுல மேல இருந்த வெளிநாட்டுத் தையல் மெஷின் கம்பெனி ஆபீஸைக் காலி பண்றாங்க. போன்ல ஆர்டர் எடுக்கற அந்தம்மா ஒத்தையா சாமான் இறக்கிட்டிருக்காங்க.”