அழுத்தினால் தெளியும் பால்

அன்புள்ள சுப்பராயன் மாமாவுக்கு,

மருமகள் தீபிகா வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும், வலை நிறைய மீன் விழ வேண்டும். போனில் எனக்குப் பேச்சு வராது என்பதால் அடையாற்றிலிருந்து பட்டினப்பாக்கத்துக்குத் தபால் எழுதுகிறேன், சிரிக்காதீர்கள்.

தி.நகர் துணிக்கடையில் திங்கள்கிழமை முதல் எனக்கு வேலை பேசி வைத்திருக்கிறீர்கள். கோபிக்காதீர்கள் மாமா, நான் வரவில்லை. வாசலில் நின்று "வாங்கக்கா, உள்ள வாங்கக்கா" என்று கூப்பிட என்னால் ஆகாது. ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவும் வேலையே போதும். குப்பி பதில் கேட்காது. அதோடு இங்கே ஆராய்ச்சி செய்யும் ரூபீனா அக்கா இருக்கிறார்.

நேற்று அக்கா பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒரு குப்பியை எடுத்துவரச் சொன்னார், உள்ளே இருந்தது தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது, வெயிலில் நடந்து வந்து பார்த்தால் பாலாக வெளுத்துக் கிடக்கிறது, மிஷின் பார்க்கும் வெள்ளைத்துரை அண்ணன் வேறு, "இன்னாமே, பால் பூத்லேர்ந்தா வர்ற?" என்றார், கெட்டுப்போச்சு என்று பயந்து பாதியைத் தொட்டியில் ஊற்றிவிட்டேன், மீதியை ஊற்றும் முன் அக்கா வந்துவிட்டார். வேலை போச்சு, இனி துணிக்கடைதான் என்று அழுதேன். அக்காவோ, "அடி லூசு, கெட்டுப்போகலடி. சூடு பட்டா வெளுக்கும், குளுந்தா தெளியும்" என்றார். நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய்க்கு அப்படியே தலைகீழ்! மீதியைக் கண்ணாடி ஜன்னல் வைத்த குட்டி இரும்புப் பெட்டியில் அடைத்து, சூட்டைக் குறைக்காமலே, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி உள்ளே அழுத்தத்தை ஏற்றினார். பால் தெளிந்துவிட்டது மாமா! உள்ளே கண்ணுக்குத் தெரியாத நூல்கள் இருக்கின்றனவாம். சூட்டில் தண்ணீரை உதறிவிட்டுத் தங்களுக்குள் ஒட்டிக்கொள்ளுமாம், அழுத்தினால் தண்ணீரோடு மறுபடி ராசியாகிவிடுமாம்.

"இன்னும் சுத்துங்க மேடம், இன்னா ஆவுதுனு பாத்துடலாம்" என்றார் அண்ணன். அக்கா சுற்றினார். உங்கள் வலை எட்டாத ஆழத்தில் கடல் அழுத்துமே, அதைவிட அதிகமாம். மறுபடியும் பால்!

"போச்சுடா, காலி!"

"காலி இல்லண்ணா. இதுக்குத்தான் நாலு வருஷமா உக்காந்துருக்கேன். ஓரளவு அழுத்தினா சேரும், ரொம்ப அழுத்தினா பிரியும்."

ஒன்பதாவதோடு நின்ற எனக்கும் பெரிய சாருக்குச் சொல்வது போலவே அக்கா சொன்னார். என் கையையும் கைப்பிடியில் வைத்தார். நான் கொஞ்சம் தளர்த்தியதும் தெளிந்தது. இப்படிப்பட்டவரை விட்டு எப்படி வருவேன்? கடைக்காரரிடம் வேறு பெண்ணைப் பார்க்கச் சொல்லிவிடுங்கள்.

அத்தைக்கு என் அன்பு, பாப்பாவுக்கு இரண்டு முத்தம்.

இப்படிக்கு,
தீபிகா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அக்கா வந்தார். திங்கள்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாற்பது பேர் வருகிறார்களாம். "நீதான் சுத்திக் காட்டி அவங்களுக்கு விளக்கிச் சொல்லப் போற" என்கிறார். மாமா, கடைக்காரரிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். அங்கே நான் சொல்ல வேண்டியது ஒரு வரிதானே? காலையில் எத்தனை மணிக்கு வரட்டும்?