கல்யாண வேளையில் எழுந்த புகை

மதிப்பிற்குரிய மைத்துனர் ஓர்லாந்தோ அவர்கள் சமூகத்திற்கு, சான் தொமாசோ முனையின் காவற்கோபுரத்திலிருந்து பொலிதோரோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதுவது மரியாதை. எழுதிவிட்டேன். உண்மையில் ஒருவரும் நலமில்லை.

நீங்கள் பார்த்து முடித்த சம்பந்தம் பாழாய்ப் போய்விட்டது மச்சான். என் மகள், உங்கள் மருமகள் ஓர்சோலா கொஞ்சம் தாமதமாகத்தான் கோயிலுக்கு வந்தாள், வந்து மாப்பிள்ளை ரினூச்சோ பக்கத்தில் நின்றாள், பாதிரியார் வாயைத் திறந்தார், வாசலில் எவனோ "புகை! கோபுரத்துல புகை!" என்று கத்தினான். அவ்வளவுதான். கோபுரத்தில் புகை என்றால் கடலில் கொள்ளைக் கப்பல்; அது வந்தால் ஆளைப் பிடித்துப்போய்ச் சந்தையில் விற்பார்கள் என்று தாய்ப்பாலோடு கேட்டு வளர்ந்த ஜனம் நிற்குமா? பாதிரியார் மோதிரங்களோடு ஓடினார். சம்பந்தி, சம்சாரத்தை விட்டுவிட்டுப் பாலாடைக்கட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மாப்பிள்ளை, நான் சீர் கொடுத்த கோவேறு கழுதைமேல் ஏறி மலைக்குப் போனவன் போனவன்தான். ஊரெல்லாம் மலையைப் பார்த்து ஓட, காவற்காரன் நான் மட்டும் கோபுரத்தைப் பார்த்து ஓடினேன். என் தலையெழுத்து!

மேலே ஏறிப் பார்த்தால் கடலில் ஒரு மீன்படகுகூட இல்லை. அடுப்புத் தணலில் ஈரத்தழை குப்பென்று புகைந்துகொண்டிருந்தது. நான் மிதித்து அணைப்பதற்குள் வடக்கு முனைக் கோபுரம் பதிலுக்குப் புகை போட்டுவிட்டது. அதைப் பார்த்து அதற்கடுத்தது. சட்டையைக் கழற்றி வீசி "இல்லடா, ஒண்ணும் இல்லடா!" என்று கத்தினேன், ஆபத்து பெரிது என்று நினைத்து அவர்கள் இன்னும் தழையைப் போட்டார்கள். நம்மை ஆளும் ஜெனோவாக்காரன் நம் அப்பாக்களிடம் வரி பிடுங்கி இந்தக் கோபுரங்களைக் கட்டினானே, ஒருநாளும் ஒழுங்காக வேலை செய்யாத அந்த வரிசை, அன்றைக்குப் பார்த்து கோர்சிகாத் தீவு முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

எல்லாம் என் கூட்டாளி பஸ்குவீனோ செய்த வேலை. ஒருவன் இறங்கினால் மற்றவன் மேலே இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். ஆட்டுக்குட்டி வறுக்கும் வாசம் பிடித்து அவனும் இறங்கிவிட்டான். கேட்டால், "அண்ணே, நான் வரும்போது அடுப்பு அணைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு, ஆத்தா சத்தியமா!" என்று அழுகிறான். அதிகாரி விசாரணைக்கு வருகிறாராம். எனக்குச் சிறையோ, கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனையோ, கடவுளுக்கே வெளிச்சம். உங்கள் தங்கை என்னோடு பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைப் பாத்திரங்களிடம் சொல்கிறாள். மாப்பிள்ளை வீட்டாரோ இன்னும் மலையைவிட்டு இறங்கவில்லை. என் வேலை போகட்டும், பெண்ணின் வாழ்வு போகலாமா? உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். மலைக்குப் போய்க் கெஞ்சிக் கூத்தாடியாவது அந்தப் பையனை அழைத்து வாருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் குழந்தைகள் கடலே கண்ணில் படாத இடத்தில் வாழ்க்கைப்பட்டு, நீடூழி வாழட்டும்.

இடிந்துபோன
பொலிதோரோ

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது ஓர்சோலா ஏணி ஏறி வந்தாள்.

"பஸ்குவீனோ சித்தப்பாவைத் திட்டாதீங்கப்பா. கோயிலுக்கு வர்றதுக்கு முன்னாடி இங்க ஏறித் தழையைப் போட்டது நான்தான்."

"அடிப்பாவி! பிடிக்கலேன்னா வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"பிடிக்கலேன்னு யார் சொன்னா? நிஜமாவே கப்பல் வந்தா என்னை விட்டுட்டு ஓடுவாரான்னு பார்க்கணும்னு தோணிச்சு. நின்னிருந்தா கட்டியிருப்பேன்பா. திரும்பிக்கூடப் பார்க்கலை."

சொல்லிவிட்டு அழுதாள். இந்தக் கரையில் பிறந்த பெண் கேட்க வேண்டிய கேள்விதானே மச்சான்? நானோ நீங்களோ அதைக் கேட்கவில்லை. ஆகையால் மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். யாரிடமும் கெஞ்சப் போக வேண்டாம். புகை போட்டது நான்தான் என்று அதிகாரியிடம் சொல்லப்போகிறேன். உங்களைக் கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.