மாப்பிள்ளையின் காதில் ஓதிய மந்திரம்

அந்த வாரம் ஊரில் யார் யாரைப் பார்த்தாலும் ஒரே விசாரிப்புதான். "காது காட்டியாச்சா?"

காட்டவில்லை என்று சொன்னால் ஏற இறங்கப் பார்த்தார்கள். காதில் மந்திரம் ஓதும் காதோதியார் ஊருக்கு வந்திருக்கும்போது காது காட்டாமல் இருப்பவன் ஒன்று நாத்திகன், இல்லாவிட்டால் கஞ்சன். இரண்டுக்கும் அஞ்சிய பெருமக்கள் காதைக் கழுவித் துடைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

காதோதியாரின் உண்மையான தொழில் குதிரை. முரட்டுக் குதிரையின் காதில் ஏதோ முணுமுணுப்பார். பிறகு தன் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு 'சாந்தி உருண்டை'யை ஊட்டுவார். "மந்திரம் ஊறட்டும்" என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்வார். அப்புறம் பார்த்தால் குதிரை பூனைக்குட்டிதான். ரொட்டிக்கடை வண்டிக் குதிரை அப்படித்தான் கடிப்பதை விட்டது. பால் வண்டிக் குதிரை கண் சொருகி, கீழுதடு தொங்க, முற்றும் துறந்த ஞானி மாதிரி நின்றது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மறுநாள் அந்த ஞானி பால் வண்டியைச் சாக்கடையில் கவிழ்த்தது. பால்காரர் அலறிக்கொண்டு ஓடி வந்தார். காதோதியார் அசருகிற ஆளா?

"நான் ஓதினது சரியாத்தான் ஓதினேன். நீ வீட்டுக்குப் போற வழியில யாரையோ மனசுக்குள்ள திட்டியிருக்க. மந்திரம் முறிஞ்சுபோச்சு."

பால்காரர் யோசித்துப் பார்த்தார். திட்டித்தான் இருந்தார். இந்த ஊரில் யாரையும் திட்டாமல் எவன் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறான்? தலையைக் குனிந்துகொண்டு மறுபடி காணிக்கை வைத்தார்.

குதிரைக்குப் பலிப்பது மனிதருக்குப் பலிக்காதா? ஒரு அம்மாள் தன் புருஷனை இழுத்துக்கொண்டு வந்தாள். "எனக்கென்னடி குறை?" என்றார் அவர். "பேசாம குனிங்க" என்றாள் அம்மாள். குனிந்தார். ஒரு தையற்காரர் மாமியாருக்கு ஓத வேண்டும் என்று அவளை அழைத்து வந்தார். வந்த மாமியார், முதலில் மருமகனுக்கு ஓதுங்கள் என்றாள். காதோதியார் நியாயஸ்தர். இரண்டு பேருக்கும் ஓதி இரண்டு காணிக்கை வாங்கிக்கொண்டார். கிளம்ப மறுத்த மோட்டார் சைக்கிளை ஒருவன் தள்ளிக்கொண்டு வந்தான். அதற்குக் காது எங்கே இருக்கிறது என்று ஒரு நிமிடம் குழப்பம். பக்கக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஓதினார். திரும்பிப் போகிற வழி நல்ல இறக்கம். வண்டி ஓடிவிட்டது. அற்புதம், அற்புதம் என்று அவன் தெருத்தெருவாகச் சொன்னான்.

இந்த அமர்க்களம் எல்லாம் நடந்தது ஒரு குதிரைச் சவாரிப் பள்ளியின் வாசலில். பள்ளி முதலாளிக்குக் குதிரைகள் மேல் உயிர். அதாவது, ஜன்னல் வழியாகப் பார்க்கிற அளவுக்கு உயிர். லாயத்துக்குள் கால் வைக்க மாட்டார், செருப்பு கெட்டுவிடும். அங்கே ஒரு வெள்ளைக் குதிரை இருந்தது. வாட்டசாட்டமான உருவம், நீலக் கண். எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. ஆகவே எல்லோரும் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மாப்பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கம். பின்னால் போனால் உதைக்கும். வாசல் காவலாளி ஒரு நாள், "என்ன மாப்ள, சாப்டாச்சா?" என்று பாசமாகக் கேட்டபடியே பின்புறத்தில் ஒரு தட்டுத் தட்டினார். அடுத்த நொடி தீவனத் தொட்டியில் கிடந்தார். "குரல் குடுத்துட்டுத்தானே போனேன், அதுக்குள்ள ஏதோ இருக்கு" என்று இடுப்பில் கட்டோடு அவர் புலம்ப, அந்த 'ஏதோ' இரண்டே நாளில் வளர்ந்து, போரில் செத்த ஒரு படைத்தளபதியின் ஆவியாகிவிட்டது. தளபதி ஏன் குதிரையின் பின்னங்காலில் குடியிருக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டவள் ஒருத்திதான். முதலாளியின் கொழுந்தியாள். குதிரைகளைப் பழக்குவது அவள் வேலை. வாயும் கொஞ்சம் நீளம். மாப்பிள்ளையின் பின்னால் ஒரு வாளியைக் கீழே போட்டுப் பார்த்தாள். லாயத்தில் இருந்த அத்தனை குதிரைகளின் காதுகளும் விறைத்துத் திரும்பின. மாப்பிள்ளையின் காது மட்டும் ஈயைக்கூட விரட்டாமல் சும்மா இருந்தது. நேரே முதலாளியிடம் போனாள்.

"மாமா, அதுக்கு ஆவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. காது கேக்கல. நாம வர்றது அதுக்குத் தெரியாது. திடீர்னு பின்னால கை பட்டா நீங்ககூடத்தான் உதைப்பீங்க."

முதலாளி சிரித்தார். "கேக்காத காதை ஆண்டவன் இவ்வளவு நீளமா எதுக்கும்மா வைக்கப் போறான்?"

"உங்க தலையையும்தான் இவ்வளவு பெருசா வெச்சிருக்கான்."

இப்படிப் பேசினால் எந்த மாமா கேட்பார்? கேட்கவில்லை. காதோதியாரையே அழைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, ஊர் முன்னிலையில் ஆவி இறக்கம். அதோடு போயிருந்தால் அவளும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். காதோதியார் ஒரு நிபந்தனை போட்டார். ஆவி போன குதிரை மேல் முதலில் அந்த வீட்டுக் குழந்தைதான் ஏற வேண்டுமாம். முதலாளியின் ஒரே மகள்; பால் பல் இன்னும் விழவில்லை. முதலாளி பெருமையோடு சரி என்றார். புதுச் சட்டைக்கு அளவும் கொடுத்தாயிற்று.

கொழுந்தியாள் அந்தக் குழந்தைக்குச் சித்தி. உருண்டையில் ஏதோ மருந்து இருக்கிறது என்று பால் வண்டிக் குதிரையின் தொங்கிய உதட்டைப் பார்த்தபோதே அவள் நினைத்தாள். மருந்து எப்போது தெளியும் என்று யாருக்குத் தெரியும்? குழந்தை மேலே இருக்கும்போது தெளிந்தால்? அக்காவிடம் சொன்னாள். அக்கா, "அவர்கிட்ட சொன்னேன், பெரியவங்க பாத்துக்குவாங்கன்னுட்டார்" என்று அழுதாள். பெரியவர்கள் என்றால் யார் என்று கேட்காதீர்கள். மோட்டார் சைக்கிளின் கண்ணாடியில் ஓதியவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானத்தில் எள் போட இடமில்லை. வேலிக்கம்பி மேலெல்லாம் ஆட்கள். காது காட்டிய புருஷன் முதல் வரிசையில் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார், பழகிவிட்டது. மாப்பிள்ளையை ஒரு கம்பத்தில் கட்டியிருந்தார்கள். ஓரத்தில் மற்றக் குதிரைகள். முதலாளியின் தோளில் குழந்தை, புதுச் சட்டையில்.

காதோதியார் முன்பக்கமாக நெருங்கி, மாப்பிள்ளையின் காதைப் பிடித்து ஓதினார். பிறகு தன் காதை அதன் வாயருகே வைத்துக் கேட்டார். தலையாட்டினார். ஐயோ என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டமும் துடைத்துக்கொண்டது.

"தளபதி மன்னிப்புக் கேக்குறார்" என்றார்.

கொழுந்தியாள் முன்னால் வந்தாள். "சாமி, நீங்க சொன்னது அதுக்கு நல்லாக் கேட்டுச்சா?"

"ஒரு எழுத்து விடாம கேட்டுச்சு. ரொம்பக் கூர்மையான காதும்மா இதுக்கு. அடுத்த தெருவுல ஊசி விழுந்தாக்கூடத் தெரியும்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்க இல்ல? ஊசி விழுந்தா தெரியுமாம்" என்றாள். சமையலறையிலிருந்து கொண்டுவந்திருந்த பெரிய இரும்புச் சட்டியையும் கரண்டியையும் எடுத்தாள். மாப்பிள்ளைக்குப் பின்னால், கால் எட்டாத தூரத்தில் நின்று, கை ஓயும் மட்டும் அடித்தாள்.

ஓரத்துக் குதிரைகள் கயிற்றை அறுத்துக்கொள்ளப் பார்த்தன. வேலி மேல் இருந்தவர்களில் பாதிப் பேர் வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தார்கள். குனிந்த புருஷன் நிமிர்ந்தார். காதோதியார் ஒரு முழம் எகிறிக் குதித்தார். மாப்பிள்ளை நின்ற இடத்தில் நின்று, வாயில் இருந்த புல்லை நிதானமாக மென்றது.

"பாத்தீங்களா? பிறவிச் செவிடு. இதுகிட்டதான் இவர் ஓதினாராம், இது மன்னிப்புக் கேட்டுச்சாம்."

அவள் நினைத்தது, கூட்டம் கொல்லென்று சிரிக்கும் என்று. கூட்டம் என்ன செய்தது தெரியுமா? கை தட்டியது. காதோதியார் சமாளித்துக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்.

"இடியே விழுந்தாலும் அசையாத சாந்தி. என் மந்திரத்தோட மகிமையை இந்தப் பொண்ணே நிரூபிச்சுக் குடுத்துடுச்சு."

"ஆமா ஆமா" என்றது கூட்டம். பால்காரர் தரையில் விழுந்து கும்பிட்டார். கொழுந்தியாள் கரண்டியோடு திகைத்து நின்றாள். மூளையை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தவர்களிடம் சாட்சி காட்டினால் இப்படித்தான். அதையே எடுத்து நம் தலையில் அடிப்பார்கள். முதலாளி குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி, சேணத்தைப் பார்த்து நடந்தார்.

"மாமா, நில்லுங்க" என்றாள். காதோதியாரிடம் திரும்பினாள். "சரி சாமி. நான்தான் தப்பு. ஆவி போயிடுச்சு. குழந்தை ஏறுறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பின்பக்கமா போய், 'மாப்ள'ன்னு கூப்ட்டுத் தட்டிக் குடுங்க. அது போதும் எனக்கு."

காதோதியார் பெட்டியைத் திறந்தார். "அதுக்கென்ன. முதல்ல இந்த உருண்டையைக் குடுத்துடுறேன்."

"ஆவிதான் போயிடுச்சே. உருண்டை எதுக்கு?"

"அது ஒரு முறை."

"அப்போ பாதியை நீங்க சாப்பிடுங்க, மீதியைக் குதிரைக்குக் குடுப்போம்."

"இன்னைக்கு நான் பட்டினி விரதம்."

"சாமி," என்று கொட்டாவி விட்டபடி எழுந்தான் மோட்டார் சைக்கிள்காரன், "அந்தப் பொண்ணுகிட்ட என்ன பேச்சு? சும்மா போய்த் தட்டுங்க சாமி. இடிக்கே அசையல. உங்களுக்கா அசையப்போகுது?"

இதுதான் விசேஷம். அவரைச் சந்தேகப்பட்டவள் ஒருத்தி. அவளை எப்படியும் சமாளித்திருப்பார். அவரை நம்பியவர்கள் ஓர் ஊர். அவர்களிடமிருந்து தப்புவது எப்படி? "போங்க சாமி, போங்க சாமி" என்று பாசத்தோடு சூழ்ந்தார்கள். பக்தியோடு கையைப் பிடித்தார்கள். கண்ணீரோடு முதுகில் கை வைத்துத் தள்ளினார்கள். மாப்பிள்ளையின் வால் நெருங்கி வந்தது.

"யாரும் கிட்டப் போகாதீங்க, அது உதைக்கும்" என்று கொழுந்தியாள் கத்தினாள். யார் கேட்கிறார்கள்?

காதோதியார் குதிகாலை மண்ணில் ஊன்றினார். வியர்த்தது. பால்காரர் அன்பாக ஒரு கடைசி தள்ளு தள்ளினார். அவ்வளவுதான்.

"விடுங்கடா பாவிங்களா" என்று அலறினார் மகான். "மருந்து போடாத குதிரைடா அது. உதைச்சா நான் செத்துடுவேன்டா."

திமிறிய வேகத்தில் அவர் கையிலிருந்த பெட்டி பறந்துபோய் மாப்பிள்ளையின் பின்னங்காலில் பட்டது. மாப்பிள்ளை தன் கருத்தைச் சொன்னது. பெட்டி கம்பத்தில் மோதிப் பிளந்து, உருண்டைகளும் வெள்ளைப் பொட்டலங்களும் நாலா பக்கமும் சிதறின. வேடிக்கை பார்க்க வந்திருந்த கால்நடை டாக்டர் ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார்.

"இது ஆபரேஷனுக்கு முன்னால குதிரைக்கும் மாட்டுக்கும் குடுக்குற மயக்க மருந்து. பாதி தெளிஞ்சா எந்தப் பக்கம் பாயும்னு அதுக்கே தெரியாது."

முதலாளியின் முகம் வெளுத்துவிட்டது. மகளை அள்ளி இறுக்கிக்கொண்டார். "கொல்லப் பாத்தேனே, நானே கொண்டுபோய் ஏத்தப் பாத்தேனே" என்று ஊர் பார்க்க அழுதார். செருப்பு சாணியில் புதைந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. காதோதியார் வேலி தாண்டி ஓடினார். வண்டி கவிழ்ந்த கணக்கைக் கேட்கப் பால்காரர் பின்னாலேயே ஓடினார். மனசுக்குள் அல்ல, இந்தத் தடவை வாய் விட்டுத் திட்டிக்கொண்டு ஓடினார்.

கொழுந்தியாள் சட்டியைக் கீழே வைத்தாள். பெட்டிச் சத்தமே கேட்காத மாப்பிள்ளை, காலில் பட்டது என்ன என்று மிரண்டு நின்றது. அது அடங்கும்வரை பொறுத்தாள். பிறகு முன்னால், அதன் கண்ணுக்கு நேராக, மெதுவாக வந்தாள். கழுத்தில் கை வைத்தாள். கையை எடுக்காமலே தோள், முதுகு, இடுப்பு என்று தடவிக்கொண்டே பின்பக்கம் போய், ஒட்டியபடி சுற்றி, அந்தப் பக்கமாக வெளியே வந்தாள். மாப்பிள்ளை வாலை ஒரு தடவை ஆட்டியது.

"இவ்வளவுதான்" என்றாள். "வர்றது தெரியணும். தொட்ட கையை எடுக்கக் கூடாது. கையசைச்சா நிக்கப் பழக்கணும். மாசக் கணக்குல ஆகும். அதுவரைக்கும் குழந்தைங்க யாரும் ஏற வேண்டாம்."

கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது. ஓர் அசைவு. ஒரு முணுமுணுப்பு. அப்புறம் அந்த அம்மாள், புருஷனின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு பக்திப் பரவசத்தோடு முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் தையற்காரரும் மாமியாரும். அவர்களுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள். நிமிடத்தில் வரிசை கட்டிவிட்டார்கள்.

"தாயே," என்றாள் அம்மாள், "உங்க கையில என்னமோ சக்தி இருக்கு. இவரு கழுத்துல இருந்து இடுப்பு வரைக்கும் ஒரு தடவை தடவி விடுங்க தாயே."

புருஷன் ஏற்கெனவே குனிந்துவிட்டார்.

கொழுந்தியாளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வரிசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தாள்.

"இந்தக் குதிரை தன் கண்ணால பாத்ததை மட்டும்தான் நம்புது. நீங்க காதுல விழுற எல்லாத்தையும் நம்புறீங்க. பழக்க வேண்டியது யாரைன்னு வீட்டுக்குப் போற வழியில கொஞ்சம் யோசிங்க."